கங்காணி வீட்டுக் கணக்கு நோட்டு: இதை என்ன செய்வது?

துறையூரான்

எங்கள் ஊரில் எங்கள் வீட்டுக்குப் பெயர் கங்காணி வீடு. வழி கேட்டு வருகிறவர்களுக்கு டீக்கடைக்காரர் அப்படிச் சொல்லித்தான் கை காட்டுவார். சின்ன வயதில் எனக்கு அது பெருமை. கங்காணி என்றால் யார் என்று கேட்டால், "உங்க பாட்டனோட அப்பா சிலோன் தேயிலைத் தோட்டத்துல பெரிய ஆளு. வெள்ளைக்காரத் துரையே அவரைக் கேட்டுத்தான் எதையும் செய்வாரு" என்பார் அப்பாயி. கதை அதோடு முடிந்துவிடும்.

அப்பாவின் காரியம் முடிந்து, போன மாதம் வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தோம். பரணில் இருந்த ட்ரங்குப் பெட்டிக்குள் நீளவாக்கில் ஒரு கணக்கு நோட்டு. சிவப்புத் துணி அட்டை, ஓரமெல்லாம் செல்லரித்தது. மேலே பிள்ளையார் சுழி, கீழே 'லாபம்' என்று ஒரு வரி, அதற்கும் கீழே 1911. பிறகு பேர், ஊர், பற்று, வரவு, பாக்கி என்று கோடு கிழித்திருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், 143 பேர். ஒவ்வொருவருக்கும் முதல் வரி 'முன்பணம்'. அதன் கீழே வழிச்செலவு, கம்பளி, அரிசி, கல்யாணச் செலவு, சாவுச் செலவு. பற்று பக்கம் நிறைந்திருக்கிறது. வரவு பக்கம் பெரும்பாலும் வெள்ளைத் தாள்.

ஒரு பக்கத்தில் ஒரு பெண்ணின் பேர். பேரை இங்கே போட மாட்டேன். அவர் வாங்கியது ஒரு கம்பளியும் ஆறு ரூபாயும்தான். அதற்குக் கீழே அதே மையில், "புருஷன் பாக்கி ரூ. 47 இவள் பேரில்" என்று இருக்கிறது. புருஷனின் பக்கத்தைத் தேடினேன். 'இறந்தான்' என்று எழுதி, குறுக்கே கோடு போட்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் கணக்கு நாலு வருஷம் போகிறது. கடைசி வரி: "மகன் பேரில் ஏற்றியது."

அந்த எழுத்து என் பூட்டனின் கையெழுத்து. எங்கள் வீட்டுப் பத்திரங்களில் அதே எழுத்தைப் பார்த்திருக்கிறேன்.

வீடு கட்டியது 1924-ல். வாய்க்கால் பாசனத்தில் பதினாலு ஏக்கர் வாங்கியதும் அந்தக் காலத்தில்தான். தாத்தா திருச்சியில் காலேஜ் படித்தார், எங்கள் வகையறாவில் அவர்தான் முதல். அப்பாவுக்கு அரசாங்க உத்தியோகம். நான் இன்ஜினியரிங். 2012-ல் சென்னையில் வீடு வாங்க ஒன்றரை ஏக்கரை விற்று முன்பணம் கட்டினேன். முன்பணம். அதே சொல். நோட்டைப் பார்த்த நாளிலிருந்து அது என்னை விடவில்லை.

வெள்ளைக்காரன் அடித்த கொள்ளையைப் பற்றி இங்கே நான் எழுதியது கொஞ்சமில்லை. கோஹினூர் வைரத்தைத் திருப்பிக் கொடு என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். இப்போது அவற்றைத் திறந்து படிக்கவே மனசு வரவில்லை.

நோட்டை எரித்துவிடலாம் என்கிறான் தம்பி. மியூசியத்தில் கொடுத்துவிடுங்கள் என்கிறார் மனைவி. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சொல்லுங்கள்.


காவிரிக்கரை

அப்பா போன துக்கத்தில் இருக்கிறீர்கள் நண்பரே, மனசு இளகித்தான் இருக்கும். ஆனால் உங்கள் பூட்டனைக் கூண்டில் ஏற்றாதீர்கள். எங்கள் தாத்தாவும் பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணியாக இருந்தவர்தான். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் நம் பக்கத்தில் ஊர் ஊராகச் செத்தார்கள். கஞ்சிக்கு வழியில்லாதவர்களைக் கூட்டிப்போய் வேலையில் சேர்த்தது கங்காணிதான். தோட்டத்தில் கல்யாணம், காட்சி, சாவு, சண்டை எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றதும் அவர்தான். மொழி தெரியாத துரைக்கும் ஜனங்களுக்கும் நடுவில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. தோட்டம் வெள்ளைக்காரனுடையது, லாபமும் அவனுடையது. அவனை விட்டுவிட்டு நம் கிழவர்களைப் பிடித்துக்கொள்வது என்ன நியாயம்?


பழைய ஏடு

காவிரிக்கரை ஐயா சொன்ன பஞ்சம் உண்மை. ஆனால் கங்காணியின் வருமானம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் அந்த நோட்டு விளங்கும்.

வரிசையாகச் சொல்கிறேன். இலங்கை மலைகளில் முதலில் காப்பி. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்து அங்கே காப்பி விளைச்சல் விழுந்தபோதுதான் இலங்கைக் காப்பி மேலே வந்தது. 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரா தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். அதற்கு இரண்டு வருஷம் கழித்து காப்பி இலைகளில் துரு நோய் தென்பட்டது. பத்துப் பதினைந்து வருஷத்தில் காப்பி போய், தேயிலை மலையெல்லாம் ஏறிவிட்டது. காப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில் ஆள் இருந்தால் போதும், முடிந்ததும் ஊர் திரும்பலாம். தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். அதனால் குடும்பம் குடும்பமாகக் கொண்டுபோனார்கள்.

துரை நேராக ஊருக்கு வந்து ஆள் பிடிக்கவில்லை. பணத்தைக் கங்காணியிடம் கொடுத்தார். 'கோஸ்ட் அட்வான்ஸ்' என்று பேர். கங்காணி அதை முசிறி, துறையூர், நாமக்கல், புதுக்கோட்டை, சேலம், மதுரை, ராமநாதபுரம் பக்கத்து ஊர்களில் கொடுத்து ஆள் சேர்த்தார். வழிச்செலவு, கம்பளி, சட்டி பானை எல்லாம் வாங்கிக்கொண்டவர் பேரில் கடன். வேலைக்கு இறங்கிய ஆளுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தினமும் தலைக்காசு. பல இடங்களில் கூலியும் அவர் கை வழியாகத்தான் வந்தது. அரிசியையும் அவரிடமே கடனுக்கு வாங்க வேண்டும். உங்கள் நோட்டில் வரவு பக்கம் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இவருக்கு இவ்வளவு கடன், இதைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று எழுதிய சீட்டு. மனுஷன் கை மாறும்போது கடனும் கூடவே மாறும். அந்தத் துண்டு முறையை 1921-ல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். உங்கள் நோட்டு 1911. அதனால்தான் செத்தவர் கடன் மனைவி தலையிலும், பிறகு மகன் தலையிலும் ஏறியிருக்கிறது.

திருச்சிக்காரர்களுக்காக ஒன்று. தோட்டத் துரைமார்கள் 1904-ல் அமைத்த இலங்கைத் தொழிலாளர் கமிஷனின் தலைமை அலுவலகம் கொழும்பில் இல்லை, திருச்சிராப்பள்ளியில் இருந்தது. அதெல்லாம் எங்கோ கடல் தாண்டி நடந்தது என்று நாம் சொல்ல முடியாது.


அட்டன் ரயிலடி

இந்த இழையை நேற்று இரவு படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. நான் இலங்கையின் தேயிலை மலைப் பகுதியான மலையகத்தில் பிறந்து வளர்ந்தவன். டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தேன். இப்போது ஆசிரியர்.

துறையூரான் அண்ணா, நீங்கள் 'அப்பாயி' என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் லயத்திலும் அப்பாயிதான்.

பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரே அறை, காம்பிரா என்போம். அதற்குள் நாங்கள் ஏழு பேர். அம்மா விடியுமுன் எழும்பி ரொட்டி தட்டி வைத்துவிட்டு, இடுப்பில் படங்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, கூடையோடு பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கொடுக்கும் இடத்துக்குப் போவா. மத்தியானமும் பின்னேரமும் நிறுவை. தோட்டம் சொல்லும் கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். கூடை நனைந்திருக்கிறது என்று கழிப்பார்கள், முற்றல் இலை என்று கழிப்பார்கள். நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆக வேண்டும் என்று எத்தனையோ வருஷம் கத்தி, 2021-ல்தான் அது வந்தது. வருவதற்குள் ஆயிரம் ரூபாய்க்கு மதிப்பும் போய்விட்டது.

காவிரிக்கரை ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கங்காணி கல்யாணத்துக்கு முன்னால் நின்றார், சரி. அந்தக் கல்யாணச் செலவும் நோட்டில்தானே ஏறியது. பெரிய கங்காணி குதிரையில் வந்தார், கோட்டு போட்டார், ஊரில் மச்சுவீடு கட்டினார் என்று எங்கள் ஆட்களும் கதை சொல்வார்கள். அந்த மச்சுவீட்டை எங்கள் ஆட்களில் யாரும் பார்த்ததில்லை. இன்றைக்கு முதல்முறையாக அதிலிருந்து ஒருவர் பேசுகிறார்.

கோபத்தில் எழுதவில்லை. நோட்டை மட்டும் எரித்துவிடாதீர்கள். கையெடுத்துக் கேட்கிறேன்.


காவிரிக்கரை

அட்டன் தம்பி, உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு என்னால் வாதாட முடியவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் செய்ததற்கு இன்றைக்கு இருப்பவர் எப்படிப் பொறுப்பாவார்? துறையூரான் யாருக்கும் கடன் கொடுக்கவில்லை, யாருடைய பேரையும் அடிக்கவில்லை. அவர் பிறக்கும்போது அந்த வீடு இருந்தது, அவ்வளவுதானே?


கோத்தகிரிக்காரி

//அவர் பிறக்கும்போது அந்த வீடு இருந்தது//

ஐயா, நான் பிறக்கும்போது எங்கள் வீட்டில் என்ன இருந்தது என்று சொல்கிறேன்.

தாத்தா, அம்மாயி, அம்மா மூன்று பேரும் இலங்கையில் பிறந்தவர்கள். 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டத்தில் மலையகத்து ஜனங்களில் பெரும்பாலானவர்கள் எந்த நாட்டுக்காரர்களும் இல்லை என்று ஆகிவிட்டார்கள். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் அங்கே, மீதி ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மீதியையும் 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இதில் ஒருத்தரையும் கேட்கவில்லை. எங்கள் அம்மாயியின் தங்கை அங்கே, அம்மாயி இங்கே.

தலைமன்னாரிலிருந்து கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம். கையில் ஒரு குடும்ப அட்டை, இரண்டு பெட்டி, தேயிலைச் செடி வெட்டும் ஒரு கவ்வாத்துக் கத்தி. முகாமில் "சொந்த ஊர் எது?" என்று கேட்டார்களாம். தாத்தா "முசிறிப் பக்கம்" என்றிருக்கிறார். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. முசிறிக்கும் ஒரு தடவை போயிருக்கிறார். இரண்டு நாள் பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்துவிட்டுத் திரும்பி வந்தார். யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? கடைசியில் நீலகிரியில் டேன்டீ தோட்டத்தில் வேலை கிடைத்தது. தாயகம் திரும்பியவர்களுக்காகவே 1968-ல் அரசு ஆரம்பித்த தோட்டம். மறுபடியும் கொழுந்து, மறுபடியும் லயம். அங்கே 'கள்ளத்தோணி', இங்கே 'சிலோன்காரங்க'.

நான் காலேஜ் போனது 2006-ல். எங்கள் வகையறாவில் நான்தான் முதல். துறையூரான் வீட்டில் அது அவருடைய தாத்தா காலத்திலேயே முடிந்துவிட்டது. நடுவில் இரண்டு தலைமுறை. அந்த இரண்டு தலைமுறை எங்கே போனது என்று நீங்கள்தான் சொல்லுங்கள் ஐயா. அவர் தப்பு செய்தார் என்று நான் சொல்லவே இல்லை. அவர் படித்த படிப்பின் முதல் ஃபீஸ் அந்த 47 ரூபாயிலும் இருக்கிறது என்கிறேன்.


தேம்ஸ் ஓரம்

லண்டனில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். இங்கே இதே பேச்சு வேறு இடத்திலிருந்து நடக்கிறது.

1833-ல் அடிமை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தபோது பிரிட்டிஷ் அரசு இரண்டு கோடி பவுண்டு நஷ்ட ஈடு கொடுத்தது. அடிமைகளுக்கு இல்லை, அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்கு. அதற்காக வாங்கிய கடன் முழுக்க அடைந்தது 2015-ல். அதாவது நான் இங்கே வந்து கட்டிய வரியிலும் ஒரு துளி அதற்குப் போயிருக்கிறது. யார் யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்ற பதிவுகளை லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்காரர்கள் தொகுத்து, எல்லோரும் தேடிப் பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். அதில் தங்கள் குடும்பப் பேரைப் பார்த்தவர்கள் டிரெவெல்யன் குடும்பத்தார். கிரெனடா தீவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்த குடும்பம். 2023 பிப்ரவரியில் அங்கேயே போய், எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார்கள். அவர்களில் லாரா டிரெவெல்யன் என்பவர் ஒரு லட்சம் பவுண்டு கொடுத்தார்.

அந்தக் குடும்பத்தில் வந்த சார்லஸ் டிரெவெல்யன் 1859-60-ல் நம் சென்னை மாகாணத்துக்கு ஆளுநராக இருந்தவர்.

அவர்கள் செய்தது போதாது என்று கிரெனடாவிலேயே சொன்னவர்கள் உண்டு. இருக்கட்டும். ஆனால் ஆவணம் கண் முன்னால் இருந்ததால்தான் அந்த வீட்டார் வாயைத் திறந்தார்கள். நம் பக்கத்தில் அப்படிப்பட்ட ஆவணங்கள் பரணில் கிடக்கின்றன. கல்யாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பர்காரருக்குப் போகின்றன.


துறையூரான்

எல்லாவற்றையும் படித்தேன். கோத்தகிரி சகோதரி கேட்டதை என் மகளிடம் படித்துக் காட்டினேன். "அப்போ நம்ம வீடு அவங்க வீடா அப்பா?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை.

பணம் கொடுப்பதைப் பற்றியும் யோசித்தேன். யாருக்குக் கொடுப்பது? எவ்வளவு? 143 பேரின் வாரிசுகளை எங்கே தேடுவது? எதைச் செய்தாலும், என் மனசு ஆறுவதற்காகச் செய்வது போலவே தோன்றுகிறது. அட்டன் தம்பி, நோட்டை எரிக்க மாட்டேன், அது உறுதி. வேறு என்ன செய்ய வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.


அட்டன் ரயிலடி

அண்ணா, உங்கள் முதல் பதிவைத் திரும்பவும் படியுங்கள். பேர், ஊர், பற்று, வரவு, பாக்கி என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் பற்றையும் பாக்கியையும் பற்றியே பேசுகிறோம். எனக்கு வேண்டியது இரண்டாவது கட்டம்.

ஊர்.

2023-ல் நாங்கள் வந்து இருநூறு வருஷம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தோம். எங்கள் ஆட்கள் அந்தக் காலத்தில் காட்டு வழியே நடந்து வந்த பாதை அது. காலராவிலும் அம்மையிலும் எத்தனையோ பேர் அந்த வழியிலேயே விழுந்தார்கள். நடக்கும்போது பக்கத்தில் வந்த ஒரு பெரியவர் கேட்டார்: "மாஸ்டர், நாங்க எங்கயிருந்து நடக்கத் தொடங்கினோம்?" மன்னாருக்கு முன்னால் எங்கே என்று கேட்டார். எனக்கும் தெரியாது. எங்கள் அப்பாயி "ஆத்துக்கு வடக்க" என்று மட்டும் சொல்லும். எந்த ஆறு என்று கேட்கிற வயசு எனக்கு அப்போது இல்லை. கேட்கிற வயசு வந்தபோது அப்பாயி இல்லை.

இங்கே காணிக்கு உறுதி (பத்திரம்) இல்லை. 7 பேர்ச் (சுமார் நாலரை சென்ட்) நிலத்தில் வீடு என்கிறார்கள், அதுவும் எல்லோருக்கும் வரவில்லை. அங்கே எந்த ஊர் என்று தெரியாது. உங்கள் வீட்டுப் பரணில் 143 பேருக்கு ஊர் எழுதிக் கிடக்கிறது. எனக்குத் தெரிந்து அவ்வளவு பேருக்கு ஊர் வேறெங்கும் ஒரே இடத்தில் இல்லை.


துறையூரான்

தம்பி, இது எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கட்டத்தின் மேல் என் கண் போகவே இல்லை.

ஒரு சங்கடம் இருக்கிறது. பல பேருக்குப் பக்கத்தில் சாதியும் எழுதியிருக்கிறது, இன்றைக்கு யாரும் சொல்லக் கூடாத விதத்தில். சில இடங்களில் பேரே இல்லை, சாதியும் ஊரும் மட்டும்தான். அதை அப்படியே படம் பிடித்துப் போடட்டுமா?


கோத்தகிரிக்காரி

அப்படியே போடாதீர்கள். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து பத்திரப்படுத்துங்கள், ஓரம் செல்லரித்த பக்கங்களையும் விடாமல். அசல் அசலாகவே இருக்கட்டும், அதில் ஒரு எழுத்தையும் அடிக்க வேண்டாம். ஆவணக் காப்பகத்துக்குப் போகும்போது சாதி எழுதியதும் சேர்ந்தே போகட்டும். யாரைக் கடல் தாண்ட அனுப்பினார்கள், கணக்கு எழுதும் இடத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பதை அதுதான் சொல்லும். மச்சுவீடு கட்டியவரும் மண்டபத்தில் நின்றவரும் ஒரே தெருவிலிருந்து போகவில்லை, அதை மறைக்கக் கூடாது.

பொதுவில் போடுவதற்கு வரிசை எண், ஊர், வருஷம், கூடப் போனவர்கள் எத்தனை பேர், இது போதும். பேர் தெரிய வேண்டியவர்கள் தனியாகக் கேட்கட்டும். சொந்தக்காரர்கள்தான் என்று தெரிந்தால் அந்தப் பக்கத்தின் படத்தை அவர்களுக்கு அனுப்புங்கள். கடன் எவ்வளவு என்பதையும் அவர்கள் பார்க்க வேண்டும். அது அவர்கள் வீட்டுக் கணக்கு.


பழைய ஏடு

சகோதரி சொன்னதுதான் சரியான முறை. பழைய கையெழுத்தில் ஊர்ப் பெயரைப் படிப்பது சிரமம், அந்தக் கால எழுத்தில் 'ர'வும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். படிக்க நான் உதவுகிறேன். ரூபாய், அணா, தேதிக்கு எல்லாம் தமிழ்க் குறியீடுகள் போட்டிருப்பார்கள், அதையும் பார்த்துக்கொள்கிறேன்.


காவிரிக்கரை

நேற்று எங்கள் வீட்டுப் பரணில் ஏறினேன். நோட்டு எதுவும் இல்லை. பழைய பாத்திரங்களுக்கு அடியில் தாத்தாவின் பிரம்பு இருந்தது, வெள்ளிப் பூண் போட்டது. இத்தனை நாளும் அதை நடைக்குச்சி என்று நினைத்திருந்தேன். அவருக்குக் கால் ஊனமில்லை, கடைசிவரை நிமிர்ந்து நடந்தவர்.

எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி. பழைய பெயர், புதுப் பெயர், ஆற்றோடு போன குக்கிராமம் எதுவானாலும் கேளுங்கள். ஊருக்கு நேரில் போய் விசாரிக்க வேண்டுமானால் அதையும் நான் செய்கிறேன்.


துறையூரான்

நேற்று ராத்திரி நானும் மகளும் உட்கார்ந்து முதல் பக்கத்தைப் படித்தோம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒன்பது வரி. மூன்றாவது வரியைப் படிக்க முடியவில்லை, பழைய ஏடு ஐயாவுக்குப் படம் அனுப்பியிருக்கிறேன்.

1. தொட்டியம். 1911. ஓர் ஆண்.
2. தொட்டியம். 1911. மேலே உள்ளவரின் தம்பி.
3. படிக்க முடியவில்லை.
4. காட்டுப்புத்தூர். 1911. புருஷன், பெண்சாதி, கைக்குழந்தை. வழியில் குழந்தைக்குச் சாவுச் செலவு இரண்டு ரூபாய்.
5. புலிவலம். 1911. ஒரு பெண், தனியாக.
6. தாத்தையங்கார்பேட்டை. 1911. அண்ணன் தம்பி மூவர்.
7. உப்பிலியபுரம். 1912. ஓர் ஆண். 'ஓடினான்' என்று எழுதி, பாக்கி ஆறாவது வரிக்காரர்கள் பேரில்.
8. மண்ணச்சநல்லூர். 1912. தாயும் மகளும்.
9. ஊர் இல்லை. 'ஆற்றுக்கு வடகரை' என்று மட்டும். 1912. புருஷன், பெண்சாதி, இரண்டு ஆண் பிள்ளைகள்.


அட்டன் ரயிலடி

ஒன்பதாவது வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் இருந்தா. பிறகு, "ரெண்டு பொடியன்களா?" என்று கேட்டா. ஆமாம் என்றேன். எங்கள் தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்ததாம், சின்ன வயசிலேயே தோட்டத்தில் செத்துப்போனாராம். எனக்கு இதுவரைக்கும் யாரும் சொல்லவில்லை.

அவர்கள்தான் என்று சொல்ல மாட்டேன் அண்ணா. வடகரையிலிருந்து எத்தனையோ பேர் வந்திருப்பார்கள். அந்தக் குடும்பத்தின் பேர்களை எனக்குத் தனியாக அனுப்புங்கள், பெண்சாதியின் பேரையும் சேர்த்து. இரண்டாவது பக்கத்தையும் போடுங்கள்.